மிச்சமான ஒரு மணி

மடிப்பம்மா கண்ணாடி மணி செய்யக் கற்றுக்கொள்கிறாள் என்ற செய்தி சலவைக்கூடத்துக்கு வந்த அன்று, நீராவி இரைச்சலையும் மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பெரிய ஓட்டலின் மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, பரிமாறுகிறவர்களின் சட்டை அத்தனையும் அவள் கைபட்டுத்தான் மாடிக்கு ஏறும். அவள் தேய்த்து வைத்த மடிப்பு நாலு நாள் கசங்காது. அதனால்தான் அந்தப் பெயர். அவள் கழுத்திலோ காதிலோ பொட்டு நகையை யாரும் பார்த்ததில்லை.

"இந்த வயசுல மணி மாலை போட்டு யாரை மயக்கப் போறே?" என்றாள் துணி பிழிகிறவள்.

"உன் புருஷனைத்தான். நீ எப்பவோ கைகழுவிட்டியாமே?"

அதற்குமேல் யாரும் அவளிடம் வாய் கொடுக்கவில்லை. மடிப்பம்மாவின் நாக்கு அப்படி. சுடச்சுட வரும். சுட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். எதற்காகக் கற்றுக்கொள்கிறாள் என்பதை மட்டும் அந்த நாக்கு யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வந்தாள். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, ஈரக் காலோடு சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள். மடிப்பம்மாவின் புருஷன் பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாப்பா கெளம்பறா அக்கா. அவ வீட்டுக்காரருக்குக் கடல் தாண்டி வேலை கெடைச்சிருக்கு. மூணு மாசத்துல ரெண்டு பேரும் போறாங்க. திரும்பி வர்ற யோசனையே இல்லையாம்."

மகளின் பெயர் காதில் விழுந்தும் மடிப்பம்மா உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

"திட்டினாளா?"

"திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தறா."

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போன்ல..."

"பேச மாட்டா அக்கா. கேட்டுப் பார்த்துட்டேன். கெஞ்சிட்டேன். கடைசியில, 'அம்மா ஏதாச்சும் கொடுத்தனுப்பினா வாங்கிப்பியாடி'ன்னு கேட்டேன். ஜன்னல்கிட்ட போயிட்டுத் திரும்பி வந்தா. அப்புறம், 'கடையில வாங்கினதா இருந்தா தொடக்கூட மாட்டேன் சித்தி'ன்னா. அவ்வளவுதான். அந்த அளவுக்கு இறங்கி வந்ததே பெருசு."

கிழங்கு இலந்தைப்பழ அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் மடிப்பம்மா கையை நிறுத்தினாள்.

கடையில் வாங்கியது என்று பாப்பா ஏன் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும். ஊர் துணிக்கெல்லாம் மடிப்பு வைத்தவளின் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கசங்கிய சீருடையில்தான் போனாள். விடிவதற்குள் சலவைக்கூடத்தில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு வீடு வந்தால் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாலே கையில் வலி கிளம்பும். அந்த நீலப் பாவாடையைத் தேய்த்துத் தரச் சொல்லி அழுது, அப்புறம் கேட்பதையே விட்டுவிட்ட பிள்ளை அவள். வேண்டியதெல்லாம் கடையிலிருந்து வந்தது. அம்மா கையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வந்தது ஒன்றே ஒன்று. பிடித்தவனோடு போகிறேன் என்று பாப்பா பெட்டியோடு நின்ற அன்று, மடிப்பம்மா சுவரில் தொங்கிய மகளின் படத்தை ஆணியோடு பிடுங்கித் தரையில் அடித்தாள். சட்டத்துக் கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறியது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அத்தனை சில்லையும் கூட்டி அள்ளி, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, மகளின் கையில் வைத்தாள். "இந்தா, எடுத்துக்கிட்டுப் போ. இந்த வீட்ல உனக்குன்னு இருக்கிறது இவ்வளவுதான்" என்றாள். பாப்பா மறுக்கவில்லை. பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, படி இறங்கிப் போனாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று மடிப்பம்மா நினைக்காத நாளில்லை.

அவள் புருஷன் அதே ஓட்டலில் லிஃப்ட் ஓட்டியவர். ஆயுள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்து, கடைசியில் ஏறிய இடத்திலேயே இறங்கிய மனிதர். மகள் போன மறுநாள் சுவரில் புது ஆணி ஒன்றை அடித்தார். அதில் எதையும் மாட்டவும் இல்லை, அதைப் பற்றிக் கேட்க மடிப்பம்மாவுக்குத் தைரியமும் இல்லை.

கைவேலை வகுப்பு பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் ஓவிய அறையில் மாலையில் நடந்தது. வாரத்துக்கு ஒரு நாள். பிள்ளைகள் வரைந்த யானைகளும் வீடுகளும் சுவரெல்லாம் ஒட்டியிருக்க, நீள மேசையில் ஆளுக்கொரு கேஸ் பர்னர். கற்றுக்கொடுக்கிற பெண்ணுக்குப் பாப்பாவின் வயதுதான் இருக்கும். முதல் நாள் அவளைப் பார்த்ததும் மடிப்பம்மா திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். பக்கத்து இருக்கையில் பொய்ப்பல் செய்கிற ஒரு மனிதர். எல்லாருக்கும் அவர் 'பல்லு சார்'.

"உட்காருங்கம்மா. ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு போட்டாச்சு, ஒருத்தரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறதில்ல. அதான் மணி செஞ்சு பார்க்கலாம்னு வந்தேன்" என்று அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

களிமண் குழம்பில் தோய்த்துக் காயவைத்த கம்பியை இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கையில் கண்ணாடிக் குச்சி. தீயில் காட்டினால் குச்சி முனை இளகித் தேன்போலத் தொங்கும். அதைக் கம்பியில் சுற்றி, சுற்றியதை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஒரு கணம் நின்றால் மணி ஒரு பக்கமாக வழிந்துவிடும்.

"மெதுவா அக்கா. குச்சியை எடுத்த எடுப்புல தீக்குள்ள விட்டா வெடிச்சுத் தெறிக்கும். தூரத்துல காட்டி, கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க" என்றாள் டீச்சர்.

"பழக்கறதா? என்ன இது, மாமியார் வீட்டுக்கு வந்த பொண்ணா?"

"அதைவிட மோசம். கோவிச்சுக்கிட்டா சமாதானமே ஆகாது."

அவளுடைய முதல் மணி மூக்கொழுகுகிற பிள்ளை மாதிரி இருந்தது. அடுத்தது அதற்கு அண்ணன். ஆனால் வாரங்கள் போகப் போகக் கைக்கு விஷயம் பிடிபட்டது. சூட்டோடு அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம். தீயின் அருகே எவ்வளவு நேரம் கை தாங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நீலக் குச்சியை மட்டுமே எடுத்தாள். அந்தப் பள்ளிக்கூடப் பாவாடையின் நீலம். உருட்டும்போது அவளையும் அறியாமல் மூச்சு நிதானமாகும். சலவைக்கூடத்தில் அப்படி ஒரு நிதானம் அவளுக்கு வந்ததே இல்லை.

செய்து முடித்த மணியைக் கம்பியோடு மின்சூளைக்குள் வைக்க வேண்டும். டிபன் பெட்டி மாதிரி மேலே மூடி போட்ட சின்னச் சூளை. இராப்பொழுது முழுக்க அது சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். அடுத்த வாரம்தான் மணி கைக்கு வரும்.

"இதுக்கு எதுக்கு அவ்வளவு நேரம்? காத்துல வெச்சா ஆறிடாதா?" என்று ஒரு நாள் மடிப்பம்மா கேட்டாள்.

"மேலே ஆறிடும் அக்கா. உள்ளே ஆறாது. மேல்பக்கம் சுருங்கப் பார்க்கும், உள்பக்கம் விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிடும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். என்னிக்காச்சும் ஒரு நாள், யாரும் தொடாமலே டப்புனு போயிடும்."

"என்னிக்கு?"

"அது அதோட இஷ்டம். நாளைக்கே போகும். பத்து வருஷம் கழிச்சும் போகும்."

மடிப்பம்மா தலையாட்டினாள். கேட்டுக்கொண்டாள் என்றுதான் டீச்சர் நினைத்தாள்.

பாப்பா கிளம்புகிற வாரம் வந்தது. முந்தைய வாரங்களில் செய்ததையெல்லாம் மடிப்பம்மா ஒதுக்கிவிட்டாள். ஒன்று கோணல், ஒன்றில் குமிழ். தங்கை மறுநாள் காலை பஸ்ஸில் பாப்பாவின் ஊருக்குப் போகிறாள். அன்றைய வகுப்புதான் கடைசி வாய்ப்பு. சலவைக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, டீச்சர் வருவதற்கு முன்பே வந்து பள்ளி வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றாள். பர்னரைப் பற்றவைத்ததிலிருந்து நிமிரவில்லை. ஒன்றுக்கொன்று அச்சு அசலாக, அவரை விதை அளவில் நீல மணிகள் வந்துகொண்டே இருந்தன.

"இன்னிக்கு என்னம்மா, கையில தேவதை குடியிருக்கா?" என்றார் பல்லு சார்.

கடைசி மணியைச் சூளைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. இடி ஒன்று விழுந்தது. கரண்ட் போனது. புகையை இழுக்கும் ஃபேன் நின்றதும் டீச்சர் எல்லா பர்னரையும் அணைக்கச் சொன்னாள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். யாரோ பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றினார்கள். கரண்ட் எப்போது வரும் என்று கேட்க டீச்சர் வாட்ச்மேன் அறைக்குப் போனாள்.

மடிப்பம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து சூளைக்கு அருகே போய் நின்றாள். அப்புறம், மூடியைத் தூக்கினாள்.

ஏன் தூக்கினாய் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. முப்பது வருஷமாகச் செய்கிற காரியம். நீராவிப் பிரஸ்ஸில் துணியை அழுத்தியதும் மூடியைத் தூக்கிவிட வேண்டும். சூடு வெளியே போகும், துணி சட்டென்று ஆறும், ஆறினால்தான் மடிப்பு நிற்கும். மூடியை மூடியே வைத்திருந்தால் மடிப்பு தொய்ந்துவிடும். அவள் கைக்குத் தெரிந்தது அது. அனல் முகத்தில் அடித்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மணிகள் வரிசையாகப் பளபளத்தன. ஜன்னல் வழியே ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது.

டீச்சர் வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சூளை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"யாரு மூடியைத் தொறந்தது?"

"நான்தான்மா. ஆறட்டுமேன்னு."

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "சரி, போகட்டும். கரண்ட் வந்ததும் இதையெல்லாம் மறுபடி சூடேத்தி முதல்ல இருந்து இறக்கணும். நாளைக்கு வந்து நானே போட்டுடறேன். அடுத்த வாரம் வாங்கிக்கோங்க அக்கா."

"எனக்கு இன்னிக்கே வேணும்."

"இன்னிக்கு எப்படி? யாருக்குச் செய்யறீங்க?"

இங்கேதான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மகளுக்கு என்று. அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பாப்பாவின் வயதுள்ள அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. பெற்ற பிள்ளைக்கு ஏன் நேரில் கொடுக்கவில்லை என்று அடுத்து கேட்பாளே.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பிறந்த நாள்" என்றாள்.

டீச்சர் சிரித்தாள். "பக்கத்து வீடுதானே அக்கா? எங்கே போயிடப் போறா? ஒரு வாரம் கழிச்சுக் கொடுங்க."

கரண்ட் வந்தது, டீச்சர் சிலிண்டர்களை மூட அறையின் மறுகோடிக்குப் போனாள். பல்லு சார் மடிப்பம்மாவின் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். யார் முகமும் வாடக் கூடாது அவருக்கு. சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். அதில் பச்சை மணி ஒன்று ஆடியது.

"இது போன மாசம் சூளைல வைக்காமலே கொண்டுபோனது. சாவியோட சாவியா அடிபட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகல பாருங்க. இவங்க புத்தகத்துல இருக்கறதை அப்படியே சொல்லுவாங்க."

மடிப்பம்மா ஒரு கம்பியை எடுத்து மணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சட்டை சரியாக ஆறிவிட்டதா என்று அவள் பார்க்கிற விதம் அது. கன்னத்துக்கு ஜில்லென்று இருந்தது. ஆறியதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அத்தனை கம்பிகளையும் துண்டில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மழையில் நடந்தாள்.

வீட்டில் தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினாள். துளைக்குள் ஒட்டியிருந்த மண்ணை ஊசியால் சுரண்டினாள். கறுப்பு நூலில் கோர்த்து, குறடால் வளையம் வளைத்துக் கொக்கி மாட்டினாள். நூல் போதாமல் ஒரு மணி மிச்சமானது. அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மாலையைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. தன் கையால் இப்படி ஒன்று வருமா? லிஃப்ட்காரர் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்க வந்தார். மேசையைப் பார்க்காமலே குடித்துவிட்டுப் போனார். பாருங்களேன் என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டி. அடியில் பஞ்சு, மேலே பஞ்சு. பெட்டியைத் துணியில் சுற்றி நெருக்கமாகத் தையல் போட்டாள். காலையில் தங்கை வந்தபோது பொட்டலம் தயாராக இருந்தது.

"என்னக்கா இது, பிரிக்கவே முடியாதபடி தைச்சிருக்கே? என்ன செஞ்சேன்னு நான் பார்க்க வேண்டாமா?"

"மொதல்ல அவ பார்க்கட்டும். நீ அப்புறம் பாரு."

"ஏதாச்சும் சொல்லணுமா?"

மடிப்பம்மா யோசித்தாள். "அம்மா கையால செஞ்சதுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அடுத்த நாட்களில் அவள் சலவைக்கூடத்தில் யாரையும் திட்டவில்லை. துணி பிழிகிறவள் பயந்துபோய், உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள். மகள் போன் செய்யக்கூடும் என்ற நினைப்பில் மடிப்பம்மா போனை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

தங்கைதான் வந்தாள். பஸ்ஸிலிருந்து நேராக வீட்டுக்கு. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மடிப்பம்மா கேட்டாள்.

"வாங்கினாளா?"

"வாங்கினா." தங்கை உட்காரவில்லை. "ஏன் அக்கா இப்படிப் பண்ணினே?"

"என்ன பண்ணினேன்?"

"என் கண் முன்னாடிதான் பிரிச்சா. அம்மா கையால செஞ்சதுன்னு சொன்னதும் அவ முகம் எப்படி மாறிச்சு தெரியுமா? பாவி, கத்திரிக்கோலால தையலை ஒண்ணொண்ணா வெட்டினா, துணி கிழியக்கூடாதுன்னு. பஞ்சை எடுத்தா. உள்ளே எல்லாம் உடைஞ்ச கண்ணாடி. நூலும் கொக்கியும் சில்லும். முழுசா ஒண்ணுகூட இல்ல. ஒரு சில்லு அவ விரல்ல குத்தி ரத்தம் வந்துச்சு."

"இல்ல... நான் முழுசாத்தான்..."

"'ரெண்டாவது பொட்டலம் சித்தி'ன்னா. 'மொதல் பொட்டலத்தை இன்னும் வெச்சிருக்கேன், இதையும் அது கூடவே வெச்சுக்கறேன்'னா. அழக்கூட இல்ல அக்கா. மறுநாள் ஏர்போர்ட்டுக்கு என்னை வர வேண்டாம்னுட்டா. இப்போ என் போனையும் எடுக்கறதில்ல. உன்னால எனக்கும் அவ இல்லாமப் போயிட்டா."

தங்கை தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். பக்கத்து அறையில் ரேடியோ நின்றிருந்தது. எல்லாவற்றையும் லிஃப்ட்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வகுப்பு நாள் வந்ததும் மடிப்பம்மா போனாள். வேறு எங்கே போவாள்? டீச்சரிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். படச் சட்டத்தை அடித்தது, பொட்டலம் கட்டிக் கொடுத்தது, பக்கத்து வீட்டுப் பெண் என்று பொய் சொன்னது. சொல்லும்போது குரல் உடையவில்லை. சலவைக்கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். டீச்சர்தான் அழுதாள்.

"பொண்ணுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? கரண்ட் வந்துச்சே! அப்பவே சூளையைப் போட்டு, நான் இங்கேயே படுத்திருந்து விடியறதுக்குள்ள எடுத்துக் கொடுத்திருப்பேனே!"

"தெரியாமப் போச்சும்மா."

"நம்பர் கொடுங்க. நான் பேசறேன். இது தானா உடையும்னு நான் புரிய வைக்கறேன்."

"நம்பர் என்கிட்ட என்னிக்கும் இருந்ததில்ல. தங்கச்சிகிட்ட இருந்தது இப்போ வேலை செய்யல."

பல்லு சார் அருகில் வந்து, தலை குனிந்து நின்றார். கையில் சாவிக்கொத்து. பச்சை மணி அப்படியே இருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிடட்டுமா என்று கேட்பவர்போல அவளைப் பார்த்தார். பாவம், அவரை என்ன சொல்வது?

அன்று அவள் வீட்டுக்கு வந்ததும், லிஃப்ட்காரர் சாப்பிட உட்காரவில்லை. மகள் போனதிலிருந்து மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், ஜன்னல் அருகே நின்றுகொண்டு கேட்டார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். கோவப்படாம சொல்லு. உடைச்சுத்தான் அனுப்பினியா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த ரொட்டித் தட்டை மேசையில் வைத்தாள்.

"என்னங்க கேக்கறீங்க? எத்தனை வாரமா ராப்பகலா கை சுட்டுக்கிட்டு..."

"அன்னிக்கும் கண்ணாடியைத்தானே கட்டிக் கொடுத்தே?"

"அது வேற. இது தானா உடைஞ்சது. டீச்சரைக் கேளுங்க. மெதுவா ஆறாத மணி தன்னாலே உடையுமாம். யாரும் தொட வேண்டியதில்லையாம்."

அவர் ஜன்னல் விளிம்பிலிருந்து மிச்சமான மணியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டைக்காகக் கேட்கவில்லை. நம்பத்தான் விரும்பினார், அது அவர் குரலிலேயே தெரிந்தது.

"இதுவும் அன்னிக்குச் செஞ்சதுதானே?"

"ஆமா."

"அதே சூளைல வெச்சது?"

"ஆமாங்க."

"அப்போ இது ஏன் உடையல?"

எதற்கும் எதிர்வார்த்தை வைத்திருந்த நாக்கு அசையவில்லை. அவர் மணியை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதன் பிறகு மழை நின்றது. வெயில் வந்தது. சலவைக்கூடத்தில் விரிப்புகள் வந்தன, போயின. மடிப்பம்மா வேலைக்குக் கிளம்புமுன் ஜன்னலுக்குப் போவாள். திரும்பி வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் ஜன்னலுக்குப் போவாள். ஒரு நாள் மணியை வெயிலில் நகர்த்தி வைத்தாள். ஒரு நாள் ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். தரையில் ஓங்கி ஒரு வீசு வீசினால் முடிந்தது. ஆனால் அப்படிச் செய்தால் அவள் உடைத்ததாகிவிடும். அது தானாக உடைய வேண்டும். வீட்டில் அவர் இருக்கும்போது, அவர் காதில் விழும்படி உடைய வேண்டும். மகளுக்கு இனி எதையும் சொல்ல முடியாது. இந்த ஒரு மனிதருக்காவது தெரியட்டும்.

ஒரு மாலை அதை உள்ளங்கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"உடைஞ்சு தொலையேன்" என்றாள்.

"யாரோட பேசறே?" என்று அடுத்த அறையிலிருந்து அவர் கேட்டார்.

"யாரோடயும் இல்ல."

துணியை எடுத்து அழுத்தித் துடைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மயிரிழை அளவுக்குக்கூட ஒரு கீறல் இல்லை. அத்தனை மணிகளிலும் இதுதான் நன்றாக வந்திருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள்.